வெர்டெல் கூப்பிட்டால்

மொபீல் நகரத்தில் வெர்டெல் குரூம்ஸின் குரலைத் தெரியாத தாய்மார் குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ் தாமதம், திடீர் விடுமுறை, எதுவானாலும் ஆஷ்மோர் மேக்னெட் பள்ளியிலிருந்து ஃபோன் செய்வது அவள்தான். தேன் தடவிய குரல் என்று சர்ச்சில் சொல்வார்கள். பள்ளியின் முன்வாசல் அலுவலகத்தில் உட்கார்ந்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

ஆஷ்மோர் இருப்பது கறுப்பர் குடியிருப்பின் நட்டநடுவில். எல்லா நிறத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும் என்று நகரம் முழுக்கக் குலுக்கல் போட்டு இடம் கொடுக்கும் அரசுப் பள்ளி. வருகிறவர்களிடம் காட்ட அதற்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, மாநிலம் கொடுத்த ஏ தரம். இன்னொன்று, வரவேற்பறையில் மாட்டியிருக்கும் வகுப்புப் படம். அதில் கறுப்பும் வெள்ளையும் பாதிக்குப் பாதி. அந்தப் படம் ஒன்பதாம் வகுப்பில் எடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்திருந்தால் அக்கம்பக்கத்துத் தெருப் பிள்ளைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை எடுத்து மாட்ட எந்த முதல்வருக்கும் தோன்றியதில்லை.

யாரும் யாரையும் விரட்டவில்லை. ஆஷ்மோரில் எல்லாம் மரியாதையாகத்தான் நடக்கும். பதினோராம் வகுப்புக்கு மாநிலத் தேர்வு மார்ச்சில் வரும். அதற்கு முந்தைய மார்டி கிரா திருவிழா ஊர்வலங்கள் தொடங்குவதற்கு முன்பே, கணக்கில் தத்தளிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு ஃபோன் போகும். பெற்றோர் வந்தால் துணை முதல்வர் ஸ்டால்வொர்த் அம்மையார் காபி கொடுத்து, பிள்ளைக்கு இந்த இடம் பொருந்தவில்லையோ என்று உருகுவார். பெற்றவர்களே மாற்றல் கேட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மார்ச்சில் வகுப்பு மெலிந்திருக்கும், சராசரி கொழுத்திருக்கும்.

ஆனால் விதி அப்படியில்லை. குலுக்கலில் வந்த பிள்ளை படிப்பை முடிக்கும்வரை இடம் அவனுடையது. மதிப்பெண் குறைந்ததற்காகப் பெற்றவர் கேட்காமல் அனுப்ப முடியாது. அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். தாய்மாரிடம் யாரும் சொல்வதில்லை. வெர்டெல்லும் சொன்னதில்லை. சொன்னால் வேலை போயிருக்குமா? போயிருக்காது. முகத்தைச் சுளித்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சுளிப்புக்குத்தான் அவள் பயந்தாள். போதாக்குறைக்கு, "நீங்க பேசினாத்தான் கேப்பாங்க, மிஸ் வெர்டெல்" என்று ஸ்டால்வொர்த் அம்மையார் சொல்லும்போது உள்ளூர ஒரு குளிர்ச்சியும் இருந்தது.

ஒரு வருடம் அப்படி ஃபோன் செய்ய வேண்டிய பட்டியலில் ஒடெல் நெட்டில்ஸின் பெயர் வந்தது. அவன் அம்மா ஆர்லெட்டா, வெர்டெல்லோடு ஒரே சர்ச்சில், ஒரே பாடகர் வரிசையில் நிற்பவள்.

"ஒரு தடவ வந்து பேசிட்டுப் போ ஆர்லெட்டா. பையனுக்கு இங்க ரொம்பக் கஷ்டமா இருக்கு. வேற இடத்துல நல்லா வருவான்" என்றாள் வெர்டெல்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், சிஸ்டர்."

முடியாதுன்னு சொல்லிடு, உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இந்தச் சொற்கள் வெர்டெல்லின் நாக்கு நுனிவரை வந்தன. அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

புதுப் பள்ளியில் ஒடெல் ஒட்டவேயில்லை. பாதியில் நின்று டயர் கடைக்கு வேலைக்குப் போனான். வெர்டெல் போன வாரம் அந்தக் கடையில் வண்டியை நிறுத்தியபோது, அவள் கேட்காமலேயே நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்தான். "ஸ்கூல் வாசல் போர்டுல பாத்தேன் மிஸ் வெர்டெல், இந்த வருஷமும் ஏ தானாமே? கலக்குறீங்க" என்று சிரித்தான். குத்தலே இல்லாத சிரிப்பு. குத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் வறுவல். வெர்டெல் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிக் கொடுக்க, ஆர்லெட்டா எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஜானேவுக்கு ஆஷ்மோர்ல குலுக்கல் விழுந்திருக்கு, சிஸ்டர்" என்றாள் ஆர்லெட்டா. ஜானே அவளுடைய இளையவள்.

"சந்தோஷம்மா."

"வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். கணக்குல அவளும் அண்ணன் மாதிரிதான். சேத்துட்டு, அப்புறம் வெளிய வந்து, அவமானப்பட்டு எதுக்கு? அன்னிக்கு நீங்க பக்குவமா எடுத்துச் சொன்னதால நாங்க தலை குனியாம வந்தோம். அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு."

வெர்டெல்லின் கையில் இருந்த மீன் மாவுக்குள்ளேயே கிடந்தது. நன்றி என்ற சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை.

"சேத்துவிடு" என்றாள்.

"மறுபடி கூப்பிடுவாங்களே."

"கூப்பிட்டா போகாத. போனா காபியக் குடிச்சிட்டு, முடியாதுன்னு சொல்லிட்டு வா. மார்க் கம்மின்னு அனுப்ப அவங்களுக்கு உரிமை கிடையாது. நீ சரின்னு சொன்னாத்தான் முடியும்."

ஆர்லெட்டா அடுப்பைத் தணித்தாள். "இது புதுச் சட்டமா?"

"இல்ல."

"அப்போ ஒடெல்லுக்கும் இதே சட்டம்தானா?"

"ஆமா."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆர்லெட்டா நம்பியும் இருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். "தெரியும்" என்றாள் வெர்டெல்.

வெளியே மேசையில் யாரோ மீன் எங்கே என்று கேலியாகத் தட்டினார்கள். ஆர்லெட்டா அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். வெர்டெல் கொடுத்தாள். திட்டுவாள் என்று வெர்டெல் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"ஜானேவ சேத்துடறேன்" என்றாள் ஆர்லெட்டா கடைசியில். குரல் உயரவில்லை. "ஒண்ணு மட்டும் செய்யுங்க சிஸ்டர். அவளப் பத்தி ஃபோன் பண்ணணும்னு வந்தா, வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க. உங்க குரல் கேட்டா நான் மறுபடியும் சரின்னு சொல்லிடுவேன்."