கோயில் பெட்டிக்கு வந்த அக்காவின் கடிதங்கள்

மலேசியாவில் நாங்கள் குடியிருந்த ரப்பர் எஸ்டேட்டை முதலாளி விற்று, அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட பிறகு ஆட்களெல்லாம் ஈப்போ பக்கம் பிழைக்கப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவது செயலாளர் வேலை. கணினி தெரிந்தவன் என்று அதை என் தலையில் கட்டினார்கள். கோயில் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு திறந்தேன். திருவிழா மாதம் போக மற்ற நாட்களில் அந்தப் பெட்டியை ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

அதனால்தான் அக்காவை அதற்கு எழுதச் சொன்னேன்.

அக்கா கோப்பெங்கில் வாழ்க்கைப்பட்டவள். பதினோரு வருடம் அடி வாங்கிவிட்டு, ஒரு நாள் ஒற்றைக் கைப்பையோடு சித்தியவானுக்குப் போய்விட்டாள். துணிக்கடையில் வேலை, கடைக்கு மேலேயே அறை. அவள் இருக்கும் ஊர் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் புருஷன், என் மச்சான், வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வருவார். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்துக்கொண்டே என் கைப்பேசியை உரிமையோடு எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன். அதில் ஒன்றும் இல்லை என்ற தைரியம். அக்காவின் கடிதங்கள் கோயில் பெட்டியில் இருந்தன, அதை அலுவலகக் கணினியில் மட்டுமே திறப்பேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட காலம்.

"இங்க வந்த பெறகுதான் தம்பி நல்லா தூங்குறேன்" என்று ஒரு முறை எழுதியிருந்தாள்.

ஒரு காலையில் பெட்டியைத் திறந்தால் புதிதாக ஒரு பக்கம். இனி கடிதம் மட்டுமல்ல, நண்பர்களோடு படமும் பகிரலாம் என்றது. கீழே நீலப் பொத்தான். முழுதாகப் படித்தேனா? பாதிதான். கோயிலும் கொஞ்சம் நவீனமாகட்டுமே என்று அமுக்கினேன். மடையன்.

கோயில் கணக்கோடு அதிகம் எழுதிக்கொண்டவர்களை அது தானாகவே நண்பர்கள் ஆக்கி, நோட்டீஸ் வாங்கும் அத்தனை பேருக்கும் காட்டியிருக்கிறது. முதல் பெயர் அக்காவுடையது. பக்கத்தில் அவள் கடை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அவளும் அதே பொத்தானை அமுக்கியிருப்பாள். கடைப் பலகை, ஊர்ப் பெயரோடு தெளிவாகத் தெரிந்தது. திருவிழாவில் முதல் நாள் உபயம் மச்சான் குடும்பத்துடையது, அதனால் அவரும் நோட்டீஸ் பட்டியலில் இருந்தார். அவர் முகவரியைச் சேர்த்ததே நான்தான்.

இதெல்லாம் எனக்குப் புரிவதற்குள் அவர் சித்தியவானில் இருந்தார். சத்தம் போடவில்லை. கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டுக் கடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே. கடைக்காரம்மா பயந்துவிட்டார். மூன்றாம் நாள் அக்கா தானே போய்க் காரில் ஏறினாள். ஏறும் முன் கைப்பேசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஒனக்கு மட்டுந்தானே தம்பி தெரியும்" என்றாள்.

"நான் சொல்லலக்கா" என்றேன். அப்போது எனக்கு வேறெதுவும் தெரியாது. அவள் வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு நாள் பொத்தானையும் பட்டியலையும் எடுத்துச் சொன்னேன். பொய்யை இவ்வளவு நீட்டுகிறானே என்பது போல் பார்த்தாள்.

"சரி விடு தம்பி. நடந்தது நடந்துருச்சு."

அந்த வருடத் திருவிழாவில், முதல் நாள் பூசை முடிந்ததும் மச்சான் என்னை முன்னால் கூப்பிட்டார். உபயக்காரர் தமக்கு வேண்டிய ஒருவருக்கு மாலை போடுவது எங்கள் கோயில் வழக்கம். அக்கா பட்டுச்சேலையில் தட்டோடு நின்றாள். நீளக்கை ரவிக்கை, அந்த வெயிலில்.

"நம்ம மச்சினன் தயவுலதான் வீட்டுக்காரி வீடு வந்து சேந்தா. மறக்க முடியுமாலா" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார்.

எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா தட்டிலிருந்து மாலையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.