பதினான்காம் எண் வீட்டின் சாட்சி

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். உங்களைக் கெஞ்சி உட்கார வைக்க எனக்கு நேரமில்லை. என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது. அதில் ஒரு கையெழுத்து இருக்கிறது. மாலை 6.24 மணிக்குப் போட்டது. எனக்கு அது போதும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தால், அவர் கொடுத்த முகவரி உண்மையா, ஆள் எப்படி என்று நேரில் போய் விசாரித்து எழுதிக்கொடுக்க ஏஜென்சிகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் நான் அலைகிற ஆள். வாசலைப் போட்டோ எடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் 'சரி' அல்லது 'சரியில்லை', இரண்டில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அந்த ஒரு டிக்கில் ஒருவனின் பிழைப்பே போய்விடும்.

எனக்குத் தெரியும். என் முதல் வேலை அப்படித்தான் போனது. நான் வளர்ந்தது பெரிய நகரத்தில், ஓர் அடுக்குக் குடியிருப்பில். அதன் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்கு உடனே வேறு சவாரி ஞாபகம் வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, வேலையும் வாங்கி, சேருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது ஒருவர் விசாரிக்க வந்தார். மாடிப்படி ஏறவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கீழேயே நின்று எழுதினார். 'பகுதி சரியில்லை.' இரண்டே வார்த்தை.

அதனால் நான் படி ஏறுவேன். எந்த வீடாக இருந்தாலும் ஏறுவேன்.

அன்று போனது ஒரு சின்ன ஊர். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். விசாரிக்க வேண்டிய இளைஞனுக்கு வயது இருபத்து நான்கு. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக் வேலை கிடைத்திருந்தது. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு தட்டினால் ஓடிப்போய்த் திறந்துவிடுகிற வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். அவன் முன்பு குடியிருந்த முகவரி மட்டும் பாக்கி. பதினான்காம் எண் வீடு, மொட்டை மாடி அறை. மறுநாள் காலை 9.30க்குள் நான் அறிக்கை கொடுக்காவிட்டால் அவன் பெயர் பட்டியலில் இருக்காது.

தெரு முனையில் பலகை. 'இந்தத் தெரு கண்காணிப்பில் உள்ளது.' அதன் கீழே, 'அந்நியர்கள் விசாரிக்கப்படுவார்கள்.' வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேமரா. ஒரு பூனை போனது. அதுகூட அனுமதி வாங்கிக்கொண்டு போவதுபோலத்தான் போனது.

மாலை 5.10. பதினான்காம் எண். கம்பிக் கதவு மூடியிருந்தது. அழைப்பு மணியை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. மூன்று முறை தட்டினேன். உள்ளே சருகு கிடந்தது. யாரும் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். பதின்மூன்று. தெரு நலச் சங்கத்தின் செயலாளர் வீடு அது. ஓய்வு பெற்ற அதிகாரி. என் அடையாள அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"சிட்டியில எந்த ஏரியா?"

அதையும் சொன்னேன். மேசையில் கிடந்த தன் செல்போனை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஓட்டை போனை எங்கள் ஏரியாவில் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

உட்காரச் சொன்னார். அவர் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இளைஞனின் பெயரைச் செயலாளரிடம் சொன்னேன்.

"யாரு, சைலன்சரா? அவனுக்கா வேலை குடுக்குறாங்க?"

"அவர் பேரு அது இல்லையே சார்."

"பைக்ல சைலன்சர் கிடையாது. அதான் அந்தப் பேரு. தெருவே சேர்ந்து வச்சோம்." அவரே சிரித்துக்கொண்டார்.

"என்ன தப்பு சார் பண்ணாரு?"

"அந்த முடியப் பாக்கணுமே நீங்க! காதுல கடுக்கன் வேற."

"முடி வளத்தா தப்பா சார்?"

"பாத்தாலே தெரியாதாம்மா? முப்பத்தஞ்சு வருச சர்வீசு. ஒரு தடவை பாத்தா போதும் எனக்கு." என்னையும் ஒரு தடவை பார்த்தார். "இது உங்க சிட்டி மாதிரி இல்ல. அங்க பக்கத்து வீட்டுல செத்துக் கெடந்தாலும் எவனுக்கும் தெரியாது. இங்க ஒரு ஈ பறந்தா தெரியும். பதினாறு கேமரா."

சுவரில் இருந்த திரையைக் காட்டினார். பதினாறு கட்டம். பதினாறிலும் ஆளில்லாத தெரு.

"சத்தமும் பதிவாகுமா சார்?"

"சத்தமெல்லாம் ஆகாது. படம் மட்டும்தான்."

மணி 5.41. அப்போதுதான் கேட்டது.

டொக்.

சோபாவுக்குப் பின்னால், சுவரில். தரையை ஒட்டி. இரும்புச் சாமான் எதையோ சுவரில் இடிப்பதுபோல.

டொக்... டொக்... டொக்...

செயலாளரின் மனைவி ரிமோட்டை எடுத்தார். திரையின் ஓரத்தில் எண் ஏறியது. பதினெட்டு. இருபத்திரண்டு. முப்பது. டிவி அலறியது.

"என்ன சார் சத்தம் அது?" நானும் கத்த வேண்டியிருந்தது.

"அந்தப் பய வேலைதான்."

"அவர் காலி பண்ணி அஞ்சு மாசம் ஆச்சே."

"கூட்டாளிங்க இருப்பானுங்கள்ல?"

எனக்கு எரிச்சல். பஸ்ஸுக்கு நேரமாகிறது. "பதினாலாம் நம்பர் ஓனர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும் சார்."

"அந்தம்மா இல்ல."

"எப்ப வருவாங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நர்ஸா இருந்தவங்க," என்றார் செயலாளர். பிறகு, "இல்லம்மா," என்றார் மறுபடியும்.

சரி, வெளியே போயிருக்கிறார்போல என்று எடுத்துக்கொண்டேன்.

படிவத்தை வாங்கிப் பொடிப்பொடியான, அழகான எழுத்தில் நிரப்பினார். 'தொந்தரவு உண்டா?' என்ற கட்டத்தில் எழுதினார். 'உண்டு. சுவரைத் தட்டித் தொல்லை. 11, 12, 13 தேதிகளில். காவல் நிலையத்தில் புகார் செய்யப்பட்டது.' எந்த மாதம் என்றுகூடக் குறிப்பிட்டார். கெட்டிக்கார மனிதர். தேதி தவறவே தவறாது.

6.07க்கு கரண்ட் போனது.

டிவி செத்தது. பதினாறு கட்டமும் இருண்டன.

டொக்... டொக்...

இப்போது மறைக்க எதுவும் இல்லை. செயலாளரின் மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். மங்கலில் அது மட்டும் தெரிந்தது.

"நீங்க கெளம்புங்கம்மா," என்றார் செயலாளர். "பஸ்ஸு போயிரும்."

வெளியே வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

டொக் சத்தம் நின்றது.

மணி 6.15. தெருவில் ஒருவர் இல்லை. எங்கள் குடியிருப்பில் கரண்ட் போனால் அத்தனை பேரும் வெளியே வந்து நின்று கத்துவார்கள். இங்கே அத்தனை பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

"யாரும்மா அது?"

பதினான்காம் எண். கம்பிக்குப் பின்னால் இருட்டு. குரல் கீழே இருந்து வந்தது. என் முழங்கால் உயரத்தில் இருந்து.

"ஓனரம்மாவா? மாடி ரூம்ல இருந்த பையனைப் பத்தி..."

"வந்துட்டானா?"

"இல்லம்மா. வேலைக்கு விசாரிக்க வந்திருக்கேன்."

"போலீஸ் அவன விட்டுருச்சா?"

எனக்கு என்ன தெரியும்? "விட்டிருப்பாங்கம்மா."

"சாப்ட்டானா?"

என் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

"எந்திரிக்க முடியல கண்ணு. இடுப்பு. பேப்பரைக் கீழ குடு."

குனிந்தேன். இன்னொரு படிவத்தையும் பேனாவையும் கம்பி வழியாக நீட்டினேன். உள்ளே எதையோ தரையில் வைக்கும் சத்தம். செல்போன் விளக்கைப் போட்டேன். ஒரு எவர்சில்வர் மக். அதன் விளிம்பு ஒரு பக்கம் முழுக்க நசுங்கித் தட்டையாகியிருந்தது.

அவர் விரல் என் விரலில் பட்டது. ஐஸ் மாதிரி என்று எழுதினால் பொய். ஈரச் சுவரைத் தொட்ட மாதிரி.

தண்ணீர் என் செருப்புக்கடியில் வந்து நின்றது. குளித்துவிட்டு வந்திருப்பார்... என்று நினைத்தேன்.

பேனா கீறும் சத்தம்.

"பக்கத்து வீட்டுல ஆளு இருக்காங்களா கண்ணு?"

"இருக்காங்கம்மா. டிவி பாத்துட்டிருந்தாங்க."

பேனா நின்றது.

"அப்போ கேட்டுருக்கும்."

நான் அந்த ஒட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேட்டுருக்கும்ல?"

6.24. வாசலைப் போட்டோ எடுத்தேன். வேலைப் பழக்கம். கை தானாகச் செய்தது.

பளிச்.

கம்பிக்குப் பின்னால் யாரும் இல்லை.

படிவம் மட்டும் கம்பியில் செருகியிருந்தது.

ஈரமாக.

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பின்னால்...

டொக்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. நான் ஓடியது பதினாறு கேமராவிலும் பதிவாகியிருக்கும். சந்தேகத்துக்கு இடமான பெண். மோசமான ஏரியா. சங்கத்தின் குரூப்பில் அன்றைக்கே போட்டிருப்பார்கள்.

மறுநாள் காலை 8.50. அலுவலகம். போட்டோவைத் திறந்தேன். கம்பிக் கதவில், வெளிப்பக்கம், சங்கிலி. சங்கிலியில் பூட்டு. துருப்பிடித்தது. முந்தைய நாள் இரண்டு முறை அங்கே நின்றும் அது என் கண்ணில் படவில்லை.

படிவம் இன்னும் ஈரமாக இருந்தது. கையெழுத்து மட்டும் தெளிவு. பதில் எழுத வேண்டிய கட்டத்தில் மை ஊறிப் பரவியிருந்தது, ஒன்றும் படிக்க முடியவில்லை. சாட்சியின் தொலைபேசி எண்ணும் இல்லை. அதைக் கேட்க அந்த இளைஞனுக்குப் போன் போட்டேன்.

"நர்ஸம்மா நம்பரா?" என்றான். "அக்கா... அவங்க செத்து அஞ்சு மாசம் ஆச்சுக்கா."

பிறகு அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

பதினோராம் தேதி மாலை 7.30க்குக் கீழே தட்டுகிற சத்தம். அவன் இறங்கி வந்தான். கதவு உள்ளே தாழ்ப்பாள். நர்ஸம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தார். எழுந்து நிற்க முடியாமல் கையில் கிடைத்த மக்கால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் செயலாளரின் ஹால். இவன் கதவை இடித்தான். கத்தினான். தெரு கூடியது. முடி வளர்த்த ஒருவன், தனியாக இருக்கும் பெண்ணின் கதவை இடிக்கிறான். தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 7.48க்கு செயலாளர் போலீஸுக்குப் போன் போட்டார்.

"உள்ள விழுந்து கெடக்காங்கன்னு கத்துனேன்க்கா. நடிக்கிறான்னாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் கேட்டாரு, அந்தம்மா நல்லா இருக்காங்களான்னு. நல்லாத்தான் சார் இருக்காங்க, இவனுக்குப் பயந்து தாப்பா போட்டிருக்காங்கன்னு செயலாளர் சொன்னாரு."

இரண்டு நாள் லாக்கப். பதின்மூன்றாம் தேதி இரவு விட்டார்கள். நேராக வந்தான். யாரையும் கேட்கவில்லை. கதவை உடைத்தான்.

"கை இன்னும் சூடா இருந்துச்சுக்கா. ரெண்டு மணி நேரம்தான் ஆச்சுன்னாரு டாக்டர். மக்கை விடவே இல்ல." மூக்கை உறிஞ்சினான். "என்னாலதான் பயந்து விழுந்தாங்களாம். அதனால காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

போனை வைத்துவிட்டு செயலாளரின் படிவத்தை எடுத்தேன். 11, 12, 13. அதே மாதம். பன்னிரண்டாம் தேதி சைலன்சர் லாக்கப்பில் இருந்தான். பதின்மூன்றாம் தேதியும் லாக்கப்பில்தான் இருந்தான். அது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், பிடித்துக் கொடுத்தவருக்குத் தெரியும். தெரிந்துதான் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

பக்கத்து வீட்டில் செத்துக் கிடந்தாலும் தெரியாதாம். எங்கள் மாடியில் காலை ஏழு மணிக்கு ஒருத்தி தண்ணீர் பிடிக்க வரவில்லை என்றால், ஏழு ஐந்துக்கு நாலு பேர் கதவை உடைத்து உள்ளே போய் நிற்பார்கள்.

ரவுடிகள்.

9.20. மேலாளர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு சாட்சியும் ஆச்சா?"

"ஆச்சு சார்."

'சாட்சி உயிரோடு இருக்கிறாரா?' என்று எங்கள் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை. 'சரி' என்ற கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தேன். பேனா தாளைக் கிழித்துவிடும்போல இருந்தது. அவன் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். யாராவது உள்ளே தட்டினால் ஓடுகிறான்.

9.26. நர்ஸம்மாவின் படிவத்தை ஸ்கேனரில் வைத்தேன். விளக்கு ஒரு முறை மெல்ல ஊர்ந்து போனது. எடுத்துப் பார்த்தேன். ஈரம் காய்ந்திருந்தது. பரவியிருந்த மை ஒடுங்கி, எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

தொந்தரவு உண்டா?

'இல்லை. தட்டியது நான். பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.'