மட்டையின் பின்பக்கம்

மகளின் பள்ளிக்கூட வேலைக்காக இன்று அடுப்பில் கோதுமை மாப் பசை காய்ச்சினேன். அந்த வாசம் எழும்பியதும், மன்னாரில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த, இப்போது அடையாளமே இல்லாமல் போன ஓலைக் கொட்டிலுக்குள் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் வாசல் நிழலுக்குக் கழுதைகள் வந்து நிற்க, உள்ளே பெண்கள் பாயில் குந்தியிருந்து பிஸ்கட் பெட்டி மட்டைகளை வெட்டி, இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள் ஒட்டி, முன்பக்கத்தில் வேதாகமச் சங்கீதம் ஒன்றின் முறைப்பாட்டையும் பின்பக்கத்தில் அதே சங்கீதம் போய் முடிகிற நன்றியையும் எழுதுவார்கள். பிறகு முன்பக்கத்தை மெதுவாக வாசித்துச் செபிப்பார்கள். எல்லாரும் ஒன்றாக மட்டையைப் புரட்டும்போது, காயும் கருவாட்டைத் திருப்பிப் போடுவது போல ஒரு சரசரப்புக் கேட்கும்.

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருசம், அம்மா பின்பக்கத்தை வெறுமையாக விட்டா. நன்றியையும் எழுதச் சொன்ன, செபம் நடத்தும் கன்னியாஸ்திரி சிஸ்டரிடம், "அவர் வரட்டும் சிஸ்டர், வந்த பிறகு எழுதுறன்" என்றா. சிஸ்டர் வற்புறுத்தவில்லை. அதன்பிறகு மற்றவர்கள் நன்றியை வாசிக்கும்போது அம்மாவும் மட்டையைப் புரட்டி, அந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பா.

அம்மா இறந்த பிறகு அந்த மட்டை என் அலுமாரிக்கு வந்தது. பசை ஆறும்வரை அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பின்னுக்கு இடம் இருக்குதே அம்மா, நான் ஏதாவது எழுதட்டோ?" என்று மகள் பேனையோடு வந்தாள்.

பேனையை வாங்கி வைத்தேன். அப்பா இன்னும் வரவில்லை.