எவர்சில்வர் டப்பா காட்டிய சூடு

என் பையில் இருக்கும் சாமான்களிலேயே எனக்கு அதிகக் கர்வம் தந்தது டெம்பரேச்சர் கன்தான். துப்பாக்கி மாதிரிப் பிடித்து அழுத்தினால் ஒரு சிவப்புப் புள்ளி விழும். தொடாமலே அந்த இடத்தின் சூடு எண்ணாக வந்து நிற்கும். இருபது வருஷமாக ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கிறவன் நான். கம்ப்ரசரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தே பிழைத்தவன். கன் வந்த பிறகு கை வைப்பதே கௌரவக் குறைச்சல் என்று ஆகிவிட்டது. அதோடு வந்த குறிப்புத் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

முத்தையாபுரத்தில் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் துறைமுகத்தில் சுமை இறக்குகிறவர், வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தாள். கம்ப்ரசரைத் தாங்கும் தகடு உப்புக்காற்றில் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. மாற்றிப் போட்டேன், சத்தம் நின்றது. அத்தோடு கிளம்பியிருக்கலாம். எனக்கு வித்தை காட்ட வேண்டியிருந்தது.

கதவைத் திறந்து கன்னை நீட்டினேன். ஃப்ரீசருக்கு நேர் கீழே ஒரு எவர்சில்வர் டப்பா, புதுசு போலப் பளபளவென்று. அதில் புள்ளியை வைத்தேன். இருபத்தெட்டு டிகிரி காட்டியது.

"கூலிங்கே இல்ல தங்கச்சி. இதுக்குள்ள என்ன வச்சிருக்க?"

"அவியளுக்குப் போடுத இன்சுலின் அண்ணாச்சி. கால்ல புண்ணு இருக்கு, சுகர் ஏறிரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு." அவள் டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுன்னுதான இருக்கு."

"கைக்கு என்ன தெரியும்? மெஷின் சொல்லுதுல்லா."

குளிரைக் கூட்டுகிற குமிழைக் கடைசி எண் வரைக்கும் திருகிவிட்டு, இதை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து போன் செய்தாள். "அண்ணாச்சி, மருந்து கட்டியாக் கெடக்கு. போடலாமா?"

நான் வேறொரு வீட்டில் மெஷினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எரிச்சல் வந்தது. "ஐஸ்ல வச்ச மீன் கெட்டாப் போகுது? இளக வச்சுப் போடு," என்று வைத்துவிட்டேன். இந்தக் கரையில் பிறந்தவனுக்கு ஐஸ் என்றால் பத்திரம். படகு வந்ததும் மீனை ஐஸில் புதைத்துவிட்டால், லாரி கேரளாவுக்குப் போய்ச் சேரும்வரை கவலை இல்லை. மருந்தும் மீனும் ஒன்றா என்று எனக்குத் தோன்றவில்லை. அவளும் இந்தக் கரையில் பிறந்தவள்தான், அவளுக்கும் தோன்றவில்லை.

ஒன்றரை மாதம் போயிருக்கும். என் வீட்டு அடுப்பில் எவர்சில்வர் பாத்திரத்தில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்காமல் கன்னை நீட்டினேன். நாற்பத்து நான்கு. பொங்குகிற பாலுக்கு நாற்பத்து நான்கா? பாத்திரத்தின் பக்கத்தில் விரலை வைத்தேன், கொப்பளித்துவிட்டது. இறக்கி வைத்து, அதன் வயிற்றில் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி, டேப்பின் மேல் புள்ளியை வைத்தேன். தொண்ணூறு காட்டியது. அப்புறம்தான் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். பளபளப்பான உலோகத்தில் வைத்தால் கன் அதன் சூட்டைக் காட்டாது. கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி, சுற்றியிருக்கும் இடத்தின் சூடுதான் அதில் தெரியும். அன்றைக்கு நான் அளந்தது அவள் அடுக்களையின் புழுக்கத்தை. ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பாலை அப்படியே விட்டுவிட்டு முத்தையாபுரத்துக்கு வண்டியை எடுத்தேன்.

அவள்தான் வாசலுக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். புண் புரையோடி, அவர் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து எட்டு நாள் ஆகிறது என்றாள். உறைந்துபோன இன்சுலினில் வீரியம் இருக்காது, இத்தனை நாளும் தண்ணீரைக் குத்தின மாதிரிதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நான் கன்னைப் பற்றி, டப்பாவைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

"மெக்கானிக் சொல்லித்தான் போட்டேன்னு நானும் சொல்லிட்டேன். அவிய நம்பல. எங்க மாமியாரும் நம்பல. என் அசட்டைய மறைக்கப் பொய் சொல்லுதேன்னு ஏசுதாவ. நீங்க உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி. அது போதும்."

உள்ளே கட்டிலில் கிடந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, தங்கச்சி சரியாகத்தான் சொன்னாள், நான்தான் காதில் வாங்கவில்லை என்றேன். கையில் கிடைத்ததை எடுத்து எறிவார் என்று நினைத்தேன். எறிந்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு என்னைத் தாண்டி, கதவோரம் நின்ற அவளைப் பார்த்தார்.

"ஏளா, அவரு ஃப்ரிட்ஜ் பாக்க வந்தவரு. அவருக்கு மருந்தப் பத்தி என்ன தெரியும்? ஊசி போட்டது நீதான? டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒனக்குத் தோணலியா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி வெயில்ல வந்திருக்காரு, டீ போடு," என்றார். என்னை உட்காரச் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். அவள் கொண்டுவந்து நீட்டிய டீயை வாங்கிக் குடித்தேன்.