சரசக்கா உயிரோடுதான் இருக்கிறார்

போன வாரம் ஒரு நாள் காலை. காபியை வாயில் வைக்கிறேன், போன். ஈரோட்டிலிருந்து சரசக்கா.

"ஏனுங்க தம்பி, உங்க ஏஐ என்னைக் கொன்னுபோட்டுதுங்க!"

காபி புரையேறிவிட்டது.

சரசக்கா எட்டு விசைத்தறி வைத்து சமையலறைத் துண்டு நெய்து அனுப்புகிறவர். வாங்குவது ஒரே ஒருவர் - அமெரிக்காவில் சின்ன ஊர் ஒன்றில் கடை வைத்திருக்கும் எலன். பல வருஷப் பழக்கம், முழுக்க மெயிலில். நேரில் பார்த்ததே இல்லை.

அங்கே இறக்குமதி வரியை ஏற்றினார்கள் இல்லையா? யாரோ யாரையோ மிரட்டுவதற்காகப் போட்ட கையெழுத்து... ஈரோட்டில் தறி நின்றது. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எலன் எழுதிவிட்டார். தீபாவளிக்குள் ஆர்டர் வராவிட்டால், தறி ஓட்டும் ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான்.

"நல்ல இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க தம்பி" என்று அப்போது கேட்டார் அக்கா.

அவர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். சாப்பிட்டாச்சா, முழங்கால் வலி தேவலையா, இங்கே நல்ல மழை, உங்கள் நாய் சௌக்கியமா... எங்கள் ஊரில் நாலு வார்த்தை விசாரிக்காமல் விஷயத்துக்கு வந்தால் மரியாதை இல்லை. துண்டு பற்றிய பேச்சு அரைப் பக்கம் தாண்டித்தான் வந்தது.

"பிசினஸ் மெயில்ல நாய்க்கு என்னங்க்கா வேலை?" என்று சிரித்தேன். வாராவாரம் கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவன் என்ற கெத்து வேறு! ஏஐயிடம் கொடுத்தேன். கண் சிமிட்டுவதற்குள் கடிதம் தயார். இலக்கணப் பிழை இல்லை. நாயும் இல்லை.

பத்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் வந்த பதில் அக்காவுக்கு இல்லை. 'இதைப் படிப்பவருக்கு' என்று இருந்தது. அன்று காலை போனில் அக்கா அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார்:

'சரசுவுக்கு என்ன ஆயிற்று? என் முழங்காலை விசாரிக்காமல் அவர் ஒரு மெயிலும் எழுதியதில்லை. இது அவர் எழுதியதில்லை. உயிரோடு இருக்கிறாரா? தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்.'

சொல்லி முடித்ததும் அக்கா சொன்னார்: "ஆர்டர் போனாப் போவுதுங்க தம்பி. அந்தம்மா பத்து நாளா எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு தவிச்சுக் கெடந்திருக்காங்க. அதுதானுங்க தாங்க முடியல."

எனக்கு வெட்கமாக இருந்தது. சண்டை போடும் இரண்டு பெரிய தேசங்களுக்குக் குறுக்கே இரண்டு பெண்கள் ஒரு நூல் கட்டி வைத்திருந்தார்கள். அதைக் கத்தரித்தது வரி இல்லை... நான்!

அன்றே அக்கா தன் பழைய இங்கிலீஷில், எல்லாப் பிழைகளோடும் எழுதினார்: நான் சாகவில்லை. முழங்கால் எப்படி?

மறுநாளே பதில். எப்போதும் வாங்குவதில் பாதி எடுத்துக்கொள்கிறாராம். ஏறிய வரியை ஆளுக்குப் பாதி சுமக்கலாமாம். இப்போது நாலு தறி ஓடுகிறது. ஆறு பேரும் முறைவைத்து வருகிறார்கள். கைக்கு வருவது குறைவுதான். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்க ஈரோடு போனேன். அக்கா எலனுக்குச் சாம்பிள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். துண்டுகளுக்கு மேலே ஒரு மஞ்சள் தூள் பாக்கெட்.

"முழங்காலுக்குங்க. பால்ல போட்டுக் குடிக்கச் சொல்லி எழுதியிருக்கறனுங்க."

இதற்கு எத்தனை சதவீதம் வரி என்று கேட்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். ஒரு தடவை யோசனை சொன்னது போதாதா?