மடிப்பிச்சையில் விட்டுப்போன வீடு

ஆறுமுகத்தாய்க்குக் கை நீட்டிப் பழக்கமில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துபோனால்கூடப் பக்கத்து வீட்டில் கேட்க மாட்டாள். உப்பில்லாமலே பொங்கி இறக்கிவிட்டு, "உப்பு ஒடம்புக்கு ஆவாதுன்னு டாக்டரே சொல்லுதாருல்லா" என்று புருஷனிடம் சாதிப்பாள். பூவனலிங்கம் ஆட்டுக்கிடையோடு கரிசல்காடு முழுக்க அலைகிற மனுஷன். போட்டதைத் தின்றுவிட்டுப் போவார். அப்பேர்ப்பட்ட வீம்புக்காரி, தூத்துக்குடி மாதாவுக்கு மடிப்பிச்சை எடுப்பதாக நேர்ந்துகொண்டாள் என்றால், அவளுக்கு வந்த பயம் அப்படி.

அவர்களுக்கு ஒரே மகன் மாதவன். போன கார்த்திகையில் டெங்கு வந்து கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் துவண்டு கிடந்தான். பூவனலிங்கம் எங்கோ தூரத்துப் புஞ்சையில் கிடை போட்டிருந்தார். அடுத்த கட்டிலில் அதே காய்ச்சலோடு ஒரு சிறுமி. அவளுக்குத் துணையாக இருந்தவள் அவளுடைய அம்மா மரியபுஷ்பம். ஆறுமுகத்தாயின் ஊர்தான், ஆனால் தெற்குத் தெரு. ஊரில் அந்தத் தெருப் பக்கம் ஆறுமுகத்தாய் கால் வைத்ததில்லை. புஷ்பம் களை வெட்ட வந்தால் வேலி ஓரம் நிறுத்திப் பேசி அனுப்புவதோடு சரி.

ஆஸ்பத்திரியில் தெரு ஏது? புஷ்பம் கொண்டுவந்த கஞ்சியைத்தான் ஆறுமுகத்தாய் குடித்தாள். அவள் விரித்த பாயில்தான் படுத்தாள். தன்னைவிட மூத்தவளை இதுநாள் வரை பேர் சொல்லிக் கூப்பிட்டவள், அங்கே வாய்க்கு வாய் "அக்கா" என்றாள். பையனுக்கு ரத்த அணு குறைந்துகொண்டே போகிறது என்று நர்ஸ் சொன்னபோது, புஷ்பம்தான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அழாதீய. தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு நேர்ந்துக்கோங்க. மடிப்பிச்சை எடுத்து ஒந் திருவிழாவுக்கு வாரேன்னு சொல்லுங்க. மாதா கைவிட மாட்டா."

ஆறுமுகத்தாய் நேர்ந்துகொண்டாள். மாதவன் பிழைத்து, மறுமாதமே ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு ஓடினான். ஊருக்குத் திரும்பியதும் "அக்கா" மறுபடி "புஷ்பம்" ஆகிவிட்டது. அதை இருவருமே கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

மடிப்பிச்சை என்றால் பணமில்லாதவர்கள் எடுக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. கழுத்து நிறைய நகை போட்டவளும் எடுப்பாள். நான் பெரியவள் என்ற எண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஊரார் போட்டதைக் கொண்டு சாமியிடம் போக வேண்டும். அதற்கு எங்கள் பக்கம் ஒரே ஒரு கட்டுப்பாடுதான். ஊருக்குள் மடி ஏந்தினால் வீடு விடக் கூடாது. போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். கேட்காமல் தாண்டிப் போவதுதான் குற்றம்.

ஆடி பாதியில் ஆறுமுகத்தாய் முந்தானையை ஏந்தி இறங்கினாள். முதல் வீட்டில் வார்த்தையே வரவில்லை. நாலாவது வீட்டில் அழுகை வந்தது. அதற்குப் பிறகு பழகிவிட்டது. கூடவே வந்தவள் எதிர்வீட்டுப் பிரேமலதா. காசு செலவழிக்காமல் ஊர் சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸிலேயே மாறி மாறித் தூத்துக்குடி வரை போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவள் அவள்தான். "காசு குடுத்துப் போறதுக்கு நாம என்ன ஆம்பிளையளா?" என்பாள்.

நாலு தெருவும் முடிந்து, தெற்குத் தெரு முக்குக்கு வந்தார்கள். பிரேமலதா நின்றுவிட்டாள்.

"அங்கன எதுக்குட்டி? பாவம், கூலிக்குப் போற சனம். அவியகிட்டப் போயி வாங்கலாமா?"

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்த இரக்கத்தின் உள்ளே என்ன இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மூன்றாவது வீட்டு வாசலில் மரியபுஷ்பம் சுளகில் அரிசியோடு நின்றுகொண்டிருந்தாள். வாசல் தெளித்து ஈரமாக இருந்தது. அவளுக்கு முன்னால் முந்தானையை ஏந்தினால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆறுமுகத்தாய் அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. அன்று இரண்டு வாய்க்குமேல் சோறு இறங்கவில்லை. மாதவன் ஒரு தும்மல் போட்டாலும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முழுப் பிச்சை எடுக்காமல் மாதாவை ஏமாற்றிவிட்டோம், அவள் கொடுத்ததைத் திரும்பக் கேட்டுவிடுவாளோ என்று பயந்தாள்.

திருவிழாவன்று ஆறுமுகத்தாயும் பிரேமலதாவும் எட்டயபுரத்தில் முதல் பஸ் மாறினார்கள். கட்டுச்சோற்று மூட்டையும் தண்ணீர்க் கேனுமாகப் பெண்கள் கூட்டம் முட்டித் தள்ளியது. கண்டக்டர், "எல்லாரும் ஓசி, மூட்டைக்காவது டிக்கெட் எடுங்க தாய்மாரே" என்று கிண்டலடித்தார். உள்ளே ஏறிப் பார்த்தால் ஜன்னலோரம் மரியபுஷ்பம், மகளோடு.

"வாங்க" என்று சிரித்து, மகளை மடியில் இழுத்து இடம் ஒதுக்கினாள்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். முகத்தையாவது திருப்பியிருக்கலாம். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆறுமுகத்தாய், அடுத்த பஸ் மாறுகிற குறுக்குச்சாலை வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். ஜன்னல் வழியே உழுது போட்ட கரிசல் காடு மழைக்குக் காத்துக் கிடந்தது. அதைப் பார்க்கிற சாக்கில் புஷ்பத்தைப் பார்க்காமல் வந்தாள்.

தூத்துக்குடியில் கோயிலைச் சுற்றி மெழுகுவர்த்தி வாசனையும் பணியாரக் கடைகளும் ஜனமுமாக இருந்தது. மடிப்பிச்சைக் காசை உண்டியலில் போட்டாள். கும்பிடக் கையெடுத்தாள். மாதாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வெளியே வந்து தேடினாள். வேப்பமர நிழலில் புஷ்பமும் மகளும் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். பிரேமலதா வளையல் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஆறுமுகத்தாய் போய் அவர்கள் எதிரில் குத்தவைத்து முந்தானையை விரித்தாள்.

"அக்கா, எனக்குப் பிச்சை போடுங்க."

புஷ்பம் கையைக் கழுவினாள். நிதானமாகத் துடைத்தாள். "மாதாவுக்குப் பயந்து கேக்குதீயளா? இல்ல, எனக்காகக் கேக்குதீயளா?"

உண்மையைச் சொன்னால், ஆறுமுகத்தாய்க்குப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"அன்னைக்கு எம் மவ, ஆஸ்பத்திரி அத்தை வாராவன்னு வாசல் தெளிச்சு வச்சா" என்றாள் புஷ்பம். குரல் உயரவே இல்லை. "இங்கன கேக்க ஒங்களுக்குக் கஷ்டம் இல்ல. ஆஸ்பத்திரியிலயும் கஷ்டம் இல்ல. இங்கன நம்மள யாருக்குத் தெரியும்? குடுக்கணும்னா என் வாசல்ல வச்சுத்தான் குடுப்பேன்."

சிறுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறுமுகத்தாய் விரித்த முந்தானையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். சப்பரம் வந்தபோது கூட்டம் முழுக்க "மரியே வாழ்க" என்று குரல் கொடுத்தது. அவள் மட்டும் தலையைக் குனிந்து நின்றாள்.

மறுநாள் காலை, ஊர் நன்றாக விழித்திருக்கும் நேரத்தில், முந்தானையை ஏந்திக்கொண்டு வாசலை விட்டு இறங்கினாள். கோலம் போட்டுக்கொண்டிருந்த பிரேமலதா நிமிர்ந்தாள்.

"ஏட்டி, திருவிழாவே முடிஞ்சு போச்சு. இன்னும் என்னட்டி மடி?"

"ஒரு வீடு விட்டுப் போச்சு மயினி."

"எந்த வீடு?"

"தெற்குத் தெரு. புஷ்பம் அக்கா வீடு." டீக்கடைப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா? இனும எடுத்தா செல்லாது. அடுத்த வருசம் முதல்லேருந்து எடுக்கணும்."

"எடுக்கேன். அந்த வீட்டுலேருந்தே எடுக்கேன்."

பெஞ்சில் பேச்சு நின்றது. யாரோ காறித் துப்பினார்கள். முதுகில் எத்தனை கண்கள் என்று தெரிந்தே நடந்தாள். தெற்குத் தெருவில் ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மூன்றாவது வீட்டின் முன் நின்று குரல் கொடுத்தாள். சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். புஷ்பம் உடனே வரவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. வெயில் ஏறியது. கை கடுத்தது. ஆறுமுகத்தாய் மடியை இறக்கவில்லை.

கடைசியில் புஷ்பம் உழக்கு நிறைய அரிசியோடு வந்து நின்றாள்.

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியும்" என்றாள் புஷ்பம். "மடிய நல்லா விரிச்சுப் பிடிங்க. அரிசி சிந்தப் போவுது."