அக்கீலா மிஸ்ஸிக்கு ஒரு கோடாரி

பள்ளிவாசல்துறையில் அக்கீலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுடைய உம்மா ஒருத்திதான் மிச்சம். மற்ற எல்லோருக்கும் அவள் மிஸ்ஸி. இருபத்திரண்டு வருடமாகக் குடும்பநல மாதுவாக இருக்கிறாள். ஸ்கூட்டியில் தராசைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை நிறுப்பாள், கர்ப்பிணிகளைப் பார்ப்பாள், திரிபோஷா சத்துமா கொடுப்பாள். அது உத்தியோகம். திருக்கை மீன் குத்தின காலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றுவதும் கிழவர்களுக்குப் பிரஷர் பார்ப்பதும் உத்தியோகத்தில் இல்லை. ஆனாலும் அவளிடம்தான் வருவார்கள். கலியாண வீட்டில் சஹன் தட்டில் கை வைத்துச் சோறு பிசைந்துகொண்டிருந்தவளிடம் ஒருத்தி வந்து நாக்கை நீட்டிக் காட்டியிருக்கிறாள். அக்கீலா அதையும் பார்த்து, புண் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பிடியை எடுத்தாள்.

கற்பிட்டியில் இங்கிலீஷ் படிப்பிக்கும் ஸஹ்றா, கம்பஸ் காலத்தில் ஒரு விளையாட்டுப் பழகியிருந்தாள். மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருத்தி கதை சொல்லுவாள், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வேறு ஆட்களாகப் புகுந்து காடு மலையெல்லாம் போய்வர வேண்டும். கதைக்குள் செய்ய நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு கட்டை சொல்லும், பெரிய எண் விழுந்தால் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஸஹ்றா வீட்டில் கூடினார்கள். அக்கீலா வந்தாள், தையல்காரி அஸ்ரியா வந்தாள், தலவிலயில் கருவாடு விற்கும் ஜெசிக்கா பஸ் பிடித்து வந்தாள்.

கூட்டத்தில் எல்லா வேலைக்கும் ஆள் இருக்க வேண்டும் என்று ஸஹ்றா விளங்கப்படுத்தினாள். முன்னால் நின்று அடி வாங்கவும் கொடுக்கவும் ஒருத்தி, சத்தமில்லாமல் போய் வேவு பார்க்க ஒருத்தி, மந்திரம் போட ஒருத்தி, காயத்துக்கு மருந்து கட்ட ஒருத்தி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கடதாசி எழுதி வைத்திருந்தாள். மந்திரம் அந்த இடத்திலேயே கழிந்தது. அஸ்ரியா ஹராம் என்றாள். ஜெசிக்கா, பாவசங்கீர்த்தனத்தில் இதை ஃபாதருக்கு எந்த வாயால் சொல்வது என்று கேட்டாள். அஸ்ரியா வேவுக்காரியின் கடதாசியை எடுத்துக்கொண்டாள். மருந்து கட்டுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸஹ்றா அந்தக் கடதாசியை நேரே அக்கீலாவின் முன்னால் வைத்தாள்.

அக்கீலா அதை நடு மேசைக்குத் தள்ளிவிட்டாள்.

“எனக்குக் கோடாரி வேணும்.”

“மிஸ்ஸி, நீங்க இரிக்கக்குள்ள வேற யாரு மருந்து கட்டுறது?” என்றாள் அஸ்ரியா.

“கிழமையில ஏழு நாளும் நான்தானே கட்டுறேன் புள்ள. இந்த ரெண்டு மணித்தியாலம் நான் வெட்டணும்.”

ஜெசிக்காவுக்கும் மருந்துக் கடதாசி வேண்டாம். அவள் வாள் எடுத்தாள். அக்கீலா தன்னுடைய கோடாரிக்காரிக்கு வேளா என்று பெயர் வைத்தாள், மூக்கில் வாளோடு பிறக்கிற மீனின் பெயர். பிறகு மூன்று பேரும் குகைக்குள் போனார்கள். நாற்பது நிமிடத்தில் மூன்று பேரையும் ஓநாய் தின்றது. அடுத்த ஞாயிறு புது ஆட்களாகப் புகுந்து பாலத்தைக் கடந்தார்கள், இந்த முறையும் அக்கீலா கோடாரியைத்தான் எடுத்தாள், பெயரைக்கூட மாற்றவில்லை. தேநீர் வருவதற்கு முன்னாலேயே செத்துப் போனார்கள்.

ஸஹ்றா கட்டைகளைப் பையில் போட்டாள். மருந்து கட்ட ஆள் இல்லாத கூட்டத்தை வைத்துக் கதை சொல்ல முடியாது, வருகிற ஞாயிறும் இதே கதை என்றால் தனக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள் நிறையக் கிடக்கிறது என்றாள். மூன்று பேரும் அக்கீலாவைப் பார்த்தார்கள். அக்கீலா பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தாள். விளையாட்டு நின்றால் ஞாயிற்றுக்கிழமையும் யாராவது நாக்கை நீட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கடதாசியை எடுத்தாலும் அதேதான்.

கடைசியில் ஜெசிக்காதான் கையை நீட்டினாள்.

“தாங்க, நான் கட்டுறன். ஆனா மிஸ்ஸி, இது பிழை அது பிழையெண்டு ஒரு சொல் சொன்னீங்களோ, கோடாரிய எனக்குத் தந்திட்டு இதை நீங்க எடுக்கோணும்.”

அக்கீலா சரி என்றாள். அது எவ்வளவு பெரிய சத்தியம் என்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு காட்டுப் பாதையில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். முதல் அம்பு அஸ்ரியாவின் வேவுக்காரிக்கு விலாவில் ஏறியது. அஸ்ரியா அந்த வேவுக்காரிக்கு ஒரு முழுக் குடும்பமும் எழுதி வைத்திருந்தாள், புருஷன், மாமி, மூன்று ஆடு. இப்போது கடதாசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காயக்காரியை என்ன செய்யப் போகிறாய் என்று ஸஹ்றா ஜெசிக்காவிடம் கேட்டாள்.

ஜெசிக்கா யோசித்தாள். ஏறின அம்பை இழுக்கக் கூடாது என்பது அக்கீலாவின் தொண்டை வரை வந்துவிட்டது. அம்பை அசையாமல் வைத்துச் சுற்றிக் கட்ட வேண்டும், தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், தண்ணீர் கொடுக்கக் கூடாது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவள் ஒரு முழு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜெசிக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

“மிஸ்ஸி, அம்பை இழுக்கிறதா, விடுறதா?”

அஸ்ரியாவும் பார்த்தாள். அக்கீலா பிஸ்கட்டை மென்று முழுங்கினாள்.

“எனக்கு எப்பிடித் தெரியும்? நான் வெட்டுறவ.”

ஜெசிக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். “அப்ப இழுத்துப் போட்டு, உப்புத் தண்ணியால நல்லாக் கழுவி, ஓலைப்பாயில வெயிலுக்குக் கிடத்துறன்” என்று கட்டையை உருட்டினாள்.

பதினேழு விழுந்தது. வேவுக்காரி கண் திறந்தாள் என்று ஸஹ்றா சொன்னாள். அஸ்ரியா கடதாசியை மேசையில் வைத்துக் கையால் தடவிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு வைத்தியத்தை அக்கீலா கண்டதில்லை. இனி யார் முறை என்று கேட்டாள். அவளுடைய முறைதான்.

கொள்ளைக்காரத் தலைவனின் கழுத்துக்குக் குறி வைத்துக் கட்டையை உருட்டினாள். மூன்று விழுந்தது. கோடாரி ஒரு பாலை மரத்தில் ஏறிச் சிக்கிக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை.

அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது.